நடுவர் வைத்த கடை

(பொகவந்தலாவையில், சேவையிலிருந்து இளைப்பாறவிருக்கும் தொழிலாளர்கள் மத்தியில் ஆற்றிய பேச்சு)



இன்றைக்கு ஒரு கிரிக்கெட் நடுவரைப் பற்றிச் சொல்லப் போகிறோம். "பேர் போட்டு வீட்டுக்குப் போகிற எங்களுக்கு கிரிக்கெட் எதுக்கு?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா சிரிக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.

பாகிஸ்தானின் லாகூரைச் சேர்ந்த அசாத் ரவூப் என்பவர் முதலில் விளையாட்டு வீரர், பிறகு நடுவர். அவர் நடுவராக நின்ற முதல் சர்வதேச ஒருநாள் போட்டியே 2000 பெப்ரவரியில் நம்முடைய இலங்கை அணி ஆடிய போட்டிதான். அதற்குப் பின் 49 டெஸ்ட், 98 ஒருநாள் போட்டிகளில் மைதானத்தில் நின்று தீர்ப்புச் சொன்னார். அவர் விரலைத் தூக்கினால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனும் தலையைக் குனிந்துகொண்டு போகத்தான் வேணும்.

2013 இல் எல்லாம் தலைகீழானது. ஐ.பி.எல். சூதாட்ட விசாரணையில் மும்பைப் பொலிசார் அவர் பெயரைச் சொன்னார்கள். அவர் மறுத்தார். 2016 இல் இந்தியக் கிரிக்கெட் சபை ஐந்து வருடத் தடை போட்டது. அந்த வழக்கின் சரி பிழையைத் தீர்க்க நாங்கள் இங்கே வரவில்லை. பெயரும் போய், தொழிலும் போன மனிதன் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம்.

லாகூரில் லண்டா பஜார் என்றொரு சந்தை. பழைய உடுப்பு, பழைய சப்பாத்து மலிவாக விற்கிற இடம். அட்டன் நடைபாதையில் குவித்துப் போட்டு விற்பார்களே, அந்த மாதிரி. அங்கேதான் ரவூப் கடை வைத்தார். 2022 இல் அந்தச் செய்தி வெளியானதும், "உலகம் சுற்றிய நடுவர் பழந்துணி விற்கிறாரே" என்று பலர் பரிதாபப்பட்டார்கள். அவரோ வெட்கப்படவில்லை. தன்னிடம் வேலை செய்பவர்களின் தினக்கூலிக்காகத்தான் கடையை நடத்துகிறேன் என்றார். அதே ஆண்டு செப்டம்பர் 14 ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். வயது 66.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? இளைப்பாறியவர் கடை வைத்தாலோ, கோழி வளர்த்தாலோ, நாலு பாத்தி கோவா போட்டாலோ லயத்தில் ஒரு பேச்சு உண்டு. "இந்த வயசில இவனுக்கு என்ன காசு ஆசை?" என்பார்கள். பேசுகிறவன் மருந்து வாங்கித் தரப்போவதில்லை. அதோடு, முப்பது வருஷம் மலையேறின உடம்பு ஒரேயடியாக வாசலில் உட்கார்ந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. இதை நாங்கள் லயத்துக்கு லயம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் எந்தத் தொழிலுக்கும் முதல் வேணும். உங்கள் முதல் சர்விஸ் காசும் சேமலாப நிதியும்தான். 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேர வேண்டும். முப்பது வருடமென்றால் 420 நாள் சம்பளம்! அந்தக் காசு மகளின் கல்யாணத்திலும் மகனின் ஆட்டோவிலும் மூன்று மாதத்தில் கரைகிறது. பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பங்கையாவது உங்கள் பெயரில் வங்கியில் போட்டுவிட்டு மீதியைக் கொடுங்கள்.

இன்னொன்று. செக்ரோலில் "ராமாயி", அடையாள அட்டையில் "இராமாய்", பிறப்புப் பதிவில் வேறொரு பெயர். இப்படி இருந்தால் சேமலாப நிதி இழுபடும். சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கடிதம் என்று அலைய வேண்டி வரும். வேலையில் இருக்கும்போதே திருத்துவது லேசு. கூட்டம் முடிந்ததும் அடையாள அட்டையையும் சேமலாப நிதிக் கடதாசிகளையும் முன்மேசைக்குக் கொண்டு வாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். கடதாசி கையில் இல்லாதவர்கள் அங்க இலக்கத்தைச் சொன்னாலும் போதும்.