எடை குறைந்தால் மாத்திரைக் கணக்கும் மாறும்

ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் முகம் உப்பும், உடம்பு பெருக்கும். உடம்பின் எதிர்ப்பாற்றலே உடம்பைத் தாக்கும் நோயான லூபஸ் உள்ளவர்களுக்கு இது பழகிப்போன துயரம். இந்த நோய் உள்ள பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். 2025 மார்ச்சில் டிர்செபடைட், ஜூனில் எடைக் குறைப்புக்கான செமக்ளூடைட் என்று வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்தபின், அவர்களுக்கும் ஆசை பிறப்பது இயல்புதானே!

மருத்துவர் பார்த்துச் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். ஆனால், எடை மெஷினை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.

இந்த ஊசியால் சிலருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அதில் உடம்பின் நீர் வற்றினால், லூபஸ் ஏற்கெனவே தாக்கிய சிறுநீரகம் தாங்காது. மூட்டுவலிக்கு டைக்ளோபினாக்கும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதனால் தொடங்கும் முன்பும், ஊசியின் அளவைக் கூட்டும்போதும் கிரியேட்டினினையும் சிறுநீரில் போகும் புரதத்தையும் பார்ப்பது நல்லது. நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர் வாந்தியால் மாத்திரையை உள்ளே வைக்க முடியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும்.

பலரும் தவறவிடுவது, லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையின் கணக்கு. விழித்திரை கெடாமல் இருக்க, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான் ஒரு நாளின் உச்ச அளவு. 80 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 400 மில்லிகிராம் சரி. அவர் 64 கிலோவுக்கு இளைத்தால் உச்ச அளவு 320 ஆகிவிடும். பழைய சீட்டைக் காட்டி அதே 400ஐ வாங்கிக்கொண்டிருந்தால் கண்ணுக்குக் கேடு. பயந்துபோய்த் தானாக நிறுத்தினால் லூபஸ் சீறும். இரண்டும் வேண்டாம், மருத்துவரிடம் புது எடையைச் சொன்னால் அவர் மாற்றித் தருவார்.

இளம்பெண்களுக்கு இன்னொன்று. டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும். லூபஸுக்குத் தரும் மைக்கோபினோலேட்டோ கருவை ஊனமாக்கும். ஊசி தொடங்கியதும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும், நான்கு வாரம் ஆணுறை போன்ற இன்னொரு பாதுகாப்பு தேவை.

இளைப்பது ஊசியாலா, நோயாலா என்பதையும் கவனிக்க வேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், மூட்டு வீக்கம் சேர்ந்து வந்தால் நோயைச் சந்தேகித்துச் சோதிக்க வேண்டும். மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குப் பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம். அது லூபஸாலும் வரும், ஊசியாலும் வரும். ஆகவே அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய், எல்லா மருந்துச் சீட்டுகளையும் அங்கே காட்ட வேண்டும்.