முதலில் காலடி, பிறகுதான் கம்பு
(தாம்பரத்தில் சிலம்பம் பழகும் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



பல்லாவரத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் வேலைக் களைப்போடு சிலம்பம் பழக வருகிறீர்கள். "யாரை அடிக்கப் போகிறீர்கள்?" என்று சிலர் கேலி செய்கிறார்கள். நாம் சொல்லுகிறோம்: அடிப்பதற்கல்ல, அஞ்சாமல் நிற்பதற்கு!

சிலம்பத்தின் முதல் பாடம் காலடி. பதறி ஓடுவது வேறு, அடி மாற்றி நிற்பது வேறு. இது கால்களுக்குப் பழகிய பிறகுதான் நெற்றியளவு மூங்கில் கம்பு கைக்கு வருகிறது. தோளில் அடி பட்டால் வலிக்கும். பட்ட பிறகும் கண்ணை மூடாதவனே மறு வீச்சைத் தடுக்கிறான். அந்தப் பழக்கத்தில்தான் தன்னம்பிக்கை வளர்கிறது.

கீழத் தஞ்சையை நினைத்துப் பாருங்கள். அங்கே பண்ணையாட்களைச் சவுக்கால் அடித்தார்கள், சாணிப்பால் புகட்டினார்கள். தோழர் பி. சீனிவாசராவ் ஊர் ஊராகச் சென்று அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். குனிந்த முதுகுகள் நிமிர்ந்தன. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாதென்று 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. தனி ஒருவன் கம்பு வீசியா இதைச் சாதித்தான்? இல்லை. சேர்ந்து ஊன்றிய ஆயிரமாயிரம் கால்கள் சாதித்தன!

ஆகவே, தெருச் சண்டைக்குக் கம்பை எடுக்காதீர்கள். உங்கள் தங்கைகளையும் பழக அழைத்து வாருங்கள். காலை ஊன்றுங்கள், சேர்ந்து நில்லுங்கள்!