கண் தெரியாத கோழியை அறுக்கலாமா?



கோழிக்குக் கண் தெரியாவிட்டால் உடனே அறுத்துவிடுகிறோம். பிள்ளைகளின் முட்டையும் அதோடு போகுது. முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

கொழும்புத்துறை வளவானாலும் நம்ம லயத்துப் பின்பக்கமானாலும், மழைக்குப் பிறகு நுளம்பு பெருகும், கோழியம்மையைப் பரப்பும். கண்ணைச் சுற்றிப் பொருக்கு மூடினால், கோழியைத் தனியே வைத்து, இளஞ்சூட்டு உப்புத் தண்ணியால் துடைப்போம். கண்ணுக்குள் பழுதில்லாவிட்டால் 3, 4 கிழமையில் பார்வை வரும்.

கூட்டில் மூக்கைக் குத்தும் நாற்றமும் கண்ணைக் கெடுக்கும். ஈரக் குப்பையை அள்ளுவோம். தீனியோடு முருங்கையிலையும் போடுவோம்.

பார்வை வராவிட்டால்? மற்றக் கோழிகள் கொத்தாமல் வலையால் மறைப்போம். அவற்றின் சத்தம் மட்டும் கேட்கட்டும். தீனி, தண்ணிச் சட்டிகளை இடம் மாற்றக்கூடாது. சட்டியைத் தட்டிக் கூப்பிட்டால் பழகிவிடும், முட்டையும் இடும்.

காலும் இழுத்துக்கொண்டால் தாமதியாமல் மிருக வைத்தியரிடம் காட்டுவோம்.