அலை முறித்த இரும்பு

பால்வாளியின் கம்பிப்பிடியை மாறி மாறி வளைத்துப் பாருங்கள். உடனே ஒடியாது, பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். கடலில் மிதக்கும் எண்ணெய் மேடைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. நீரோட்டம் மேடையை ஒருபக்கமாகத் தள்ளும். நங்கூரங்கள் அதை இழுத்துப் பிடிக்கும். அலையோ இரவுபகலாக அசைத்துக்கொண்டே இருக்கும்.

வடகடலில், நார்வே பகுதியில், 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்ற ஐந்துகால் மேடை தொழிலாளர் தங்குமிடமாக மிதந்தது. அதன் குறுக்குக் குழாயொன்றில் சிறு கருவிக்காக இட்ட பற்றவைப்பு 6 மில்லிமீட்டர்தான். சில்லறை வேலைதானே! அங்கிருந்த வெடிப்பை அலைகள் வளர்த்தன. 1980 மார்ச் 27 மாலை, புயலில் குழாய் முறிந்தது, ஒரு கால் கழன்றது, மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர்.

பின்னர் ஆராய்ந்தபோது வெடிப்பினுள்ளே சாயம் தென்பட்டது. மேடைக்குச் சாயம் பூசிய நாளிலேயே வெடிப்பு இருந்திருக்கிறது.