விலைவாசி அச்சமும் வட்டி விகிதமும்

(மும்பையில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



இவ்வகுப்புக்கான ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்க அமர்ந்தபோது முதல் வரியிலேயே தடுமாறினேன். 'பணவீக்க எதிர்பார்ப்பு' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை. எதிர்பார்ப்பு என்னும் தமிழ்ச் சொல்லில் விருப்பமும் சற்றுக் கலந்திருக்கிறது. தீபாவளி போனஸை எதிர்பார்க்கிறோம். எண்ணெய் விலை ஏறுமே என்று அஞ்சுகிறோம். எனினும் வழக்கில் நிலைத்துவிட்ட சொல் என்பதால் நானும் அதையே கையாள்கிறேன்.

இந்நகரின் கோட்டைப் பகுதியில் தலைமையகம் கொண்டுள்ள ரிசர்வ் வங்கி, 2005 முதல் நகர்ப்புறக் குடும்பங்களிடம் ஓர் ஆய்வு நடத்தி வருகிறது. விலைவாசி இப்போது எவ்வளவு ஏறியிருப்பதாக உணர்கிறீர்கள், மூன்று மாதத்தில் எவ்வளவு ஏறும், ஓராண்டில் எவ்வளவு ஏறும் என்று கேட்கிறார்கள். மக்கள் கூறும் விகிதம் பெரும்பாலும் அரசின் விகிதத்தைவிட அதிகமாகவே இருக்கிறது. 2025 அக்டோபரில் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்படி பணவீக்கம் வெறும் 0.25 சதவிகிதம், அதையொட்டிய மாதங்களில் குடும்பங்கள் உணர்ந்த விலை உயர்வோ 6 சதவிகிதத்துக்கும் மேல்.

மக்களுக்குக் கணக்குத் தெரியவில்லையா? நடத்தைசார் பொருளியல் இதற்கொரு விடை தருகிறது. எளிதில் நினைவுக்கு வருவதைக் கொண்டே மனம் அளவிடுகிறது என்று டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1973இல் எழுதினர். அன்றாடம் வாங்கும் பாலும் வெங்காயமும் நினைவில் நிற்கும். என்றோ வாங்கிய மின்விசிறி நிற்காது. ஏறிய விலை உறுத்தும். இறங்கிய விலை மறந்துபோகும். ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலான விலை உயர்வை எதிர்பார்ப்பது ஏன் என்று டகுன்டோ, மால்மெண்டியர், வெபர் ஆகிய மூவர் அமெரிக்காவில் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டனர். காரணம் பாலினம் அன்று, மளிகை வாங்கும் பொறுப்பே என்று கண்டனர். இதற்கு அமெரிக்க ஆய்வு வேண்டுமா என்று இங்குள்ள பெண் தோழர்கள் சிரிப்பது தெரிகிறது.

இவற்றையெல்லாம் 'சார்புப் பிழை' என்று பெயரிடுகிறார்கள். அப்பெயர்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பொருள் 100 ரூபாயிலிருந்து 150க்கு ஏறி, அடுத்த ஆண்டும் 150லேயே நின்றால், அவ்வாண்டில் அதன் பணவீக்கம் பூஜ்யம். ஆனால் வாங்குபவர் 100 ரூபாயோடும் தம் கூலியோடும் அன்றோ ஒப்பிடுகிறார்? கூலி ஏறாதவரை அவருக்கு அந்த 50 ரூபாய் தீர்ந்துபோன கதையன்று. ஆகவே, அரசின் புள்ளிவிவரம் முழுப் பொய் என்று நம் தோழர்கள் மேடையில் முழங்குவதும் சரியன்று. குறியீட்டெண் ஒரு சராசரி. வருவாயில் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் குடும்பத்தின் கணக்கு அதில் கரைந்துவிடுகிறது. முழங்குவது எளிது, இதை விளக்குவதே நம் வேலை.

இதில் நம் சோற்றுக்கும் வேலைக்கும் என்ன தொடர்பு? 2016 சட்டத் திருத்தத்தின்படி பணவீக்க இலக்கு 4 சதவிகிதம். இருபுறமும் 2 சதவிகிதம் விலகலாம். விலை ஏறும் என்று மக்கள் கருதினால் கூலி உயர்வு கேட்பார்கள், அதனால் விலை மேலும் ஏறும், எனவே எதிர்பார்ப்பை 'நங்கூரமிட்டு' நிறுத்த வேண்டும் என்பது இதன் பின்னுள்ள கோட்பாடு. நங்கூரம் எது? வட்டி விகிதம். 2022 மே தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4இலிருந்து 6.5 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. கடன் தவணை கூடியது. ஆனால் 2023 ஜூலையில் தக்காளி விலை வெடித்துப் பணவீக்கம் 7.44 சதவிகிதத்தைத் தொட்டது. வட்டியை உயர்த்தித் தக்காளி விளைவிக்க முடியாது.

கோட்பாட்டின் நடுக்கண்ணியும் இற்றுப்போனதே. எதிர்பார்த்தால் கூலி ஏறிவிடுமா? தொழிலாளர் வைப்புநிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. பத்தாண்டு கடந்த பின்னும் அதே 1,000தான். அம்முதியவர்களுக்கு எதிர்பார்ப்பு இல்லாமலா போயிற்று? பேரம் பேசும் வலிமைதான் இல்லை. எதிர்பார்ப்பை விலையாக மாற்றும் வலிமை, சந்தையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு உண்டு. அமெரிக்க மத்திய வங்கியின் பொருளியலாளர் ஜெரமி ரட் என்பவரே, எதிர்பார்ப்புதான் பணவீக்கத்தை இயக்குகிறது என்ற கருத்துக்கு உறுதியான அடித்தளம் இல்லை என்று 2021இல் எழுதினார். அவர் நம் தோழர் அல்லர்.

ஒன்றைக் கவனியுங்கள். உணவை நீக்கிவிட்டு எஞ்சிய பணவீக்கத்தை மட்டும் இலக்காக வைக்கலாமா என்று 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை யோசனை கூறியது. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டெண்ணில் உணவு, பானங்களின் எடை 45.86. மக்கள் நெஞ்சில் எது நிற்கிறதோ அதையே கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார்கள்! உணவு விலைக்கு வட்டி மருந்தாகாது என்பது மெய்யே. அதனால் செய்ய வேண்டியது கொள்முதலும் கிடங்கும் பொது விநியோகமும். கணக்கிலிருந்து உணவைத் துரத்துவதன்று.

கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு குறிப்பேட்டில் பத்துப் பொருள்களின் விலையை மாதத்தின் முதல் வாரத்தில் ஒரே கடையில் கேட்டு எழுதுங்கள். பக்கத்துப் பத்தியில் அம்மாதக் கூலியை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதை ரிசர்வ் வங்கியின் அட்டவணைக்கு அருகே வைத்துப் பார்ப்போம். எந்தப் பத்துப் பொருள்கள் என்பதைப் பெண் தோழர்கள் முடிவு செய்யட்டும். கடைக்குச் சென்று விலை கேட்டு வருவது ஆண் தோழர்களின் பொறுப்பு.