காணும் மன்றமும் கேளாச் செவியும்



சென்னை உயர்நீதிமன்றம் 1862ஆம் ஆண்டு தோன்றியது. பாரிமுனைக்கு அருகே செந்நிறக் குவிமாடங்களோடு நிற்கும் அதன் கட்டடம் 1892இல் திறக்கப்பெற்றது. அதன் கோபுரத்து விளக்கு 1894 முதல் 1977 வரை கடலோடிகளுக்கு வழி காட்டிற்று. வழக்கேதும் இல்லாதவரும் அங்கே சென்று விசாரணையைக் காணலாம் என்பதைப் பலர் அறியார்.

நீதி மக்கள் கண்முன் வழங்கப்பெற வேண்டும் என்பது சட்டத்தின் கொள்கை. திறந்த மன்றமே பொதுநெறி, மூடிய அறை விதிவிலக்கே என்பதை உச்சநீதிமன்றம் 1966இல் மிராஜ்கர் வழக்கில் தெளிவுபடுத்தியது. பாலியல் வன்கொடுமை போன்ற சில வழக்குகளே மூடிய அறையில் விசாரிக்கப்பெறும்.

வாயிற் சோதனையைக் கடந்து உட்செல்லும் பார்வையாளர், 'பராசக்தி' படத்து வழக்காடுமன்றத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே அடைவார். அங்கே பெரும்பாலும் மேல்முறையீடுகளும் ரிட் மனுக்களுமே வருகின்றன. சாட்சிக் கூண்டின் கண்ணீருக்கு இடம் குறைவு. காகிதக் கட்டுகளின் மேல் வாதம் நடக்கிறது. வழக்கு எண் அழைக்கப்பெறுகிறது. கறுப்பு அங்கி அணிந்த இருவர் எழுகின்றனர். சில மணித்துளிகளில் அடுத்த எண் அழைக்கப்பெறுகிறது.

பின்வரிசையில் நிலத்தை இழந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். பேசப்படுவது அவர் நிலத்தைப் பற்றி, பேச்சு ஆங்கிலத்தில். வெளியே வந்ததும் தம் வழக்கறிஞரிடம், "ஐயா, என்ன சொன்னாங்க?" என்றுதான் அவர் கேட்க வேண்டும். தம் வழக்குக்குத் தாமே பார்வையாளராய் நிற்கும் நிலை அது.

சிலப்பதிகாரத்தை நினைவு கூர்வோம். பாண்டியன் வழக்கைக் கேளாமலே கோவலனுக்குத் தண்டனை விதித்தான். கண்ணகி அவைக்கு வந்தாள்; தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள்; உடைத்துக் காட்டி மெய்ப்பித்தாள். அவள் சொல் மன்னனுக்கு விளங்கிற்று. அவன் சொல் அவளுக்கு விளங்கிற்று. இடையே எவரும் நிற்கவில்லை. அந்த ஒரு சொல்லாடலே அரசனைத் தன் பிழையை உணரச் செய்தது.

அரசியலமைப்பின் 348ஆம் பிரிவு உயர்நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்கிறது. ஆயினும் குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு மாநில மொழிக்கு இடமளிக்க அதே பிரிவு வழி வைத்திருக்கிறது. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகியவற்றில் இந்தி அவ்வாறு இடம்பெற்றது. தமிழுக்காகத் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் இயற்றியும் இசைவு கிட்டவில்லை.

பிற மாநிலத்திலிருந்து வரும் நீதிபதிகள் தமிழறியாரே என்பர் சிலர். அது மெய்யான இடர்ப்பாடுதான். அதனை நீக்க மொழிபெயர்ப்பாளரை அமர்த்தலாம். முதியவரின் செவியை அடைப்பது அதற்குத் தீர்வாகாது.

உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. கன்றை இழந்த பசு அடித்த மணியின் பொருளையும் உணர்ந்தவன் அவன். வாயில் திறந்திருப்பது பெருமை. உள்ளே பேசுவதும் விளங்கினாலன்றி அப்பெருமை நிறைவு பெறாது.