நியமன இருக்கையிலிருந்து ஒரு தீர்மானம்



இரட்டைமலை சீனிவாசன் என்றதும் அண்ணல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர் என்பதே நினைவுக்கு வருகிறது. அவருடைய சட்டமன்றப் பணியைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். இழிவாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக்கி 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1923இல் சென்னை சட்டசபைக்கு நியமன உறுப்பினரானார். வாக்களித்த தொகுதி என்று எதுவும் அவருக்கு இல்லை. ஆனாலும் 1924இல், பொதுத்தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதிலும் யாரையும் தடுக்கக் கூடாதென்று தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது.

வில்லியனூரும் பாகூரும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. அந்தத் தீர்மானம் நம் எல்லைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. இன்று அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு இங்கும் செல்லும். முப்பது தொகுதிகளில் ஐந்து தனித்தொகுதிகள். ஏம்பலமும் ஊசுடும் நமக்குப் பக்கம்தான். ஆனால் அங்கே நம்மவரின் வெற்றியைத் தீர்மானிப்பது எல்லாச் சாதியாரின் வாக்கு. இதை முன்னுணர்ந்துதான் அவரும் அம்பேத்கரும் தனி வாக்காளர் தொகுதி கேட்டார்கள். 1932 பூனா ஒப்பந்தத்தில் அது பறிபோனது.

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் எந்தக் கட்சி என்று மட்டும் கேட்காதீர்கள். சேரித் தெருவுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் அவையில் என்ன தீர்மானம் கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.